அறுவர் கூடி வாசித்த குற்றம்: சங்கீத ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய ரசிகப் பெருமக்களே,

நல்ல சங்கீதத்தைக் கேட்பதையே வாழ்வில் கிடைத்த பெரும்பேறாகக் கருதுகிற உங்களுள் ஒருவனாக, சபைகளில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து தாளம் போட்டவனாக, இம்மடலை எழுதத் துணிகிறேன். சில மாதங்களுக்கு முன், ரசனையில் தேர்ந்த நண்பர்கள் சிலர் என் இல்லத்தில் கூடியிருந்த ஒரு மாலையில், 'ப்ளூ நோட்ஸ்' என்னும் தென்னாப்பிரிக்க ஜாஸ் குழுவினரின் இசைத்தட்டு ஒன்றை அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தட்டுகளாக, நான்கு பக்கங்களில் அமைந்த பதிவு அது. முதற்பக்கம் முடிவதற்குள்ளாகவே ஒரு நண்பர், "இது சங்கீதமா, இரைச்சலா?" என்று கேட்டார். அதை வாசித்தவர்களின் வரலாற்றை நான் சொல்லத் தொடங்கியதும் இன்னொருவர், "அப்படியானால் இது அரசியல், அரசியல் புகுந்தால் கலை கெட்டுவிடும்" என்றார். விருந்தினரை வருத்த மனமில்லாமல் தட்டை எடுத்து உறையிலிட்டுவிட்டேன். அன்று சொல்ல நா எழாத விடையை இன்று எழுத்தில் சொல்ல முயல்கிறேன். அந்த இரண்டு நண்பர்களுக்கு மட்டுமல்லாமல் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுவதற்குக் காரணம், அவ்விரு அபிப்ராயங்களும் நம்மில் பெரும்பாலோருடையவை என்பதும், சில ஆண்டுகளுக்கு முன்வரை என்னுடையவையாகவும் இருந்தன என்பதுமே.

முதலில் அக்குழு பிறந்த தேசத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். 1948-ல் ஆட்சிக்கு வந்த வெள்ளையர் கட்சி, மக்களைத் தோலின் நிறத்தால் பிரித்துவைப்பதையே ராஜ்யதர்மமாகக் கொண்டு, சட்டத்தின்மேல் சட்டமாக இயற்றிக்கொண்டே போயிற்று. எந்த நிறத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதை 1950-ஆம் ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டம் விதித்தது. பூங்காவின் பெஞ்சு முதல் ரயில் நிலையத்தின் வாயில் வரை தனித்தனியாக இருக்கலாம் என்று 1953-ஆம் ஆண்டின் சட்டம் அனுமதித்தது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்று டர்பனில் வேரூன்றிய நம்மவர்களும் இந்தச் சட்டங்களுக்குத் தப்பவில்லை. கேட்டோ மேனர் என்னும் இடத்தில் தோட்டமிட்டுக் கோயில் எழுப்பி வாழ்ந்த குடும்பங்கள், வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேற்றப்பட்டன. கறுப்பின மக்களோ, தாம் பிறந்த மண்ணிலேயே அனுமதிச் சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டு, கேட்கும் காவலனுக்கெல்லாம் அதைக் காட்டித் திரிய வேண்டியவர்களானார்கள். அந்தச் சீட்டை எதிர்த்து 1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில் என்னும் ஊரில் திரண்ட ஜனங்கள்மீது காவல்துறையினர் சுட்டதில் 69 பேர் மாண்டார்கள்.

இத்தகைய நாட்டில்தான், 1963-ஆம் ஆண்டளவில், ஆறு இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு குழுவாக வாசிக்கத் தலைப்பட்டார்கள். பியானோ வாசித்த கிறிஸ் மெக்ரகர் வெள்ளையர். டிரான்ஸ்கை பிரதேசத்தில் கிறிஸ்தவ மிஷன் பள்ளி ஆசிரியரின் மகனாக வளர்ந்து, அங்குள்ள கோஸா மக்களின் பாடல்களைச் சிறு வயதிலேயே செவியில் ஏற்றிக்கொண்டு, பிறகு கேப்டவுன் இசைக்கல்லூரியில் மேலைச் சங்கீதம் பயின்றவர். ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த டூடு புக்வானா, டெனார் சாக்ஸபோன் வாசித்த நிகேலே மோயாகே, கையடக்கமான சிறிய டிரம்பெட்டைத் தமக்குரியதாக்கிக்கொண்ட மொங்கேஸி ஃபேஸா, டபிள் பாஸ் வாசித்த ஜானி டியானி, கேப்டவுனை அடுத்த லங்கா குடியிருப்பில் பிறந்து டிரம்ஸ் வாசித்த லூயி மொஹோலோ ஆகிய ஐவரும் கறுப்பினத்தவர். அந்த ஐவருள் ஃபேஸாவும் டியானியும் அப்போது இருபது வயதுகூட நிரம்பாதவர்கள்.

ரசிகப் பெருமக்களே, இந்த இடத்தில் சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். இந்த அறுவரும் யாதொரு கோஷமும் எழுதவில்லை. எந்தக் கட்சியின் மேடையிலும் ஏறி உபந்நியாசம் செய்யவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் ஒரே மேடையில், ஒரே நேரத்தில், ஒருவர் வாசிப்பதை ஒருவர் செவிமடுத்துப் பதிலளித்து வாசித்ததுதான். ஆனால், ஊருக்கு ஊர் பிரயாணம் செய்யும்போது ஆறு பேரும் ஒரே விடுதியில் தங்க முடியாது. ஒரே மேசையில் உண்ண முடியாது. வெள்ளையர் மண்டபமானால் ஐவருக்கு இடைஞ்சல், கறுப்பினக் குடியிருப்பானால் ஒருவருக்கு அனுமதி வேண்டும். 'அரசியல் புகுந்தால் கலை கெட்டுவிடும்' என்று சொன்ன நண்பரை மிகுந்த பணிவோடு நான் கேட்கிறேன்: இங்கே யார் எதில் புகுந்தது? கலைஞர்கள் அரசியலுக்குள் போகவில்லை. சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர்களின் நடுவே சட்டம்தான் வந்து உட்கார்ந்துகொண்டு, உங்கள் சுருதி சேருவதே குற்றம் என்றது.

அந்த ஆண்டுகளில் அவர்கள் வாசித்த சங்கீதம் நம் நண்பர்களின் செவிக்குக்கூட இனிதாகவே இருந்திருக்கும். 1963-ல் மெக்ரகர் பதினேழு பேர் கொண்ட பெரிய குழு ஒன்றை அமைத்துத் தென்னாப்பிரிக்க வித்வான்களின் படைப்புகளை 'ஜாஸ்: தி ஆஃப்ரிகன் சவுண்ட்' என்னும் இசைத்தட்டாகப் பதிவு செய்தார். 1964-ல், நாட்டைவிட்டுப் புறப்படுமுன், டர்பன் நகரில் ப்ளூ நோட்ஸ் வாசித்த கச்சேரி ஒன்றின் பதிவு முப்பது ஆண்டுகள் கழித்து வெளியாயிற்று. அதைக் கேட்டால், அமெரிக்க ஜாஸின் லட்சணமெல்லாம் கைவரப்பெற்று, தங்கள் குடியிருப்புகளின் நடன மெட்டுகளை அதில் குழைத்துத் தரும் இளைஞர்களின் துள்ளலே மேலோங்கி நிற்கும். தாளம் சீராக இருக்கும். யார் எப்போது தனித்து வாசிப்பார், எப்போது எல்லோரும் மெட்டுக்குத் திரும்புவார்கள் என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கும். அடுத்த சில ஆண்டுகளில் இந்த ஒழுங்கெல்லாம் உருகி வேறு வடிவம் கொண்டது எவ்வாறு என்பதைச் சொல்வதுதான் 'இரைச்சல்' என்ற முதற்கேள்விக்கு விடையாகும்.

1964 ஜூன் 12-ல் நெல்சன் மண்டேலாவுக்கும் அவர் தோழர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு அடுத்த மாதம், பிரான்சின் தென்கரையில் நடக்கும் ஆன்டீப் ஜாஸ் விழாவுக்கு வந்த அழைப்பைப் பற்றுக்கோடாகக் கொண்டு, ப்ளூ நோட்ஸ் குழுவினர் கடல் கடந்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஜூரிக்கிலும் ஜெனீவாவிலும் சில மாதங்கள் வாசித்துக் காலங்கழித்து, 1965-ல் லண்டனை அடைந்தார்கள். நிகேலே மோயாகே மட்டும் ஊர் ஏக்கம் தாளாமல் தென்னாப்பிரிக்காவுக்கே மீண்டு, சில ஆண்டுகளுக்குள் காலமானார். மற்ற ஐவருக்கு லண்டன் புகலிடம் தந்ததேயன்றி எளிதில் பிழைப்புத் தரவில்லை. அந்நிய நாட்டு வாத்தியக்காரர்களுக்குரிய வேலை அனுமதியும் சங்க விதிகளும் குறுக்கே நின்றன. முதலில் வியந்து பாராட்டிய ரசிகர்களும், இசை மாறத் தொடங்கியதும் குறைந்துபோனார்கள்.

ஆம், இசை மாறிற்று. ஆர்னெட் கோல்மன், செசில் டெய்லர், ஆல்பர்ட் அய்லர் முதலிய அமெரிக்கக் கலைஞர்கள் அப்போது உண்டாக்கிக்கொண்டிருந்த ஃப்ரீ ஜாஸ் என்னும் கட்டற்ற ஜாஸ், ஐரோப்பாவில் இவர்கள் செவியில் விழுந்தது. டியானியும் மொஹோலோவும் 1966-ல் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் லேஸியின் குழுவோடு தென்னமெரிக்கா வரை சென்று அந்த முறையிலேயே வாசித்து வந்தார்கள். 1968-ல் மெக்ரகரின் பெயரில் வெளிவந்த 'வெரி அர்ஜன்ட்' என்ற இசைத்தட்டைக் கேளுங்கள்: டர்பனில் வாசித்த அதே கைகள்தாம், ஆனால் தாளம் கரையை உடைத்துக்கொண்டு பெருகுகிறது, சாக்ஸபோன் அலறுகிறது, டிரம்பெட் அந்த அலறலைப் பாதியிலேயே வழிமறித்துத் திருப்புகிறது.

நம் சங்கீதத்தில் மனோதர்மம் என்ற ஒன்று உண்டு. ராகத்தின் இலக்கணமும் தாளத்தின் கணக்கும் கரைகளாக நிற்க, அவற்றினுள்ளே வித்வானுடைய கற்பனை பெருகி ஓடுகிறது. பக்கவாத்தியக்காரர் அவரை நிழல்போல் தொடர்கிறார். தனி ஆவர்த்தனம் வரும்போது மட்டும் அவருக்குத் தனியாட்சி. கட்டற்ற ஜாஸிலோ, முன்னவர், பின்னவர் என்ற வரிசையே கிடையாது. யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் அல்லர். பாஸ் வாசிப்பவர் நினைத்தால் அந்த நொடியிலேயே பாட்டின் திசை மாறும். டிரம்ஸ் வாசிப்பவர் காலத்தைக் காட்டாமல் காலத்தோடு சம்பாஷிக்கலாம். முன்கூட்டி வகுத்த கரை இல்லாதபோது, வெள்ளம் சிதறாமல் ஓடுவதற்கு ஒரே உபாயந்தான் இருக்கிறது: ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் ஒவ்வொரு கணமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தம் குரலை ஒடுக்கிக்கொள்ளவும் கூடாது, பிறர் குரலை ஒடுக்கவும் கூடாது. வேற்றுச் செவிக்கு இரைச்சலாகப் படுவது உண்மையில் இத்தனை கடுமையான ஒரு கட்டுப்பாட்டின் விளைவு. ஐந்து பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள் என்று நாம் முகஞ்சுளிக்கிறோம். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை உணர நமக்குச் சற்று நேரமாகிறது.

இப்படி வாசித்தவர்கள் யார் என்பதை இதனோடு சேர்த்து எண்ணுங்கள். நீ இந்த எல்லைக்கு உள்ளே, அவன் அந்த எல்லைக்கு வெளியே என்று வகுத்த நாட்டில் பிறந்தவர்கள் அவர்கள். ஒருவரை மற்றவர் அடக்காத ஒரு சமூகத்தை அவர்கள் நாட்டில் காணவில்லை; புகல் தந்த நாட்டிலும் முழுமையாகக் காணவில்லை; ஆகவே மேடையில், நாள்தோறும் ஓரிரு மணிநேரம், அதைத் தாங்களே உண்டாக்கி அதில் குடியிருந்தார்கள். அன்று என் வீட்டில் எழுந்த இரண்டு கேள்விகளும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரைச்சல் என்று நீங்கள் எதைச் சொன்னீர்களோ அதுவே அவர்களுடைய அரசியல். அரசியல் என்று நீங்கள் எதை விலக்கினீர்களோ அதுவே அவர்களுடைய சங்கீத லட்சணம்.

அவர்கள் வேரையும் அறுத்துக்கொள்ளவில்லை. 1970-ல் மெக்ரகர், தம் தென்னாப்பிரிக்கத் தோழர்களோடு ஜான் சர்மன், மைக் ஆஸ்போர்ன் முதலிய ஆங்கில இளைஞர்களையும், பார்படோஸ் தீவிலிருந்து வந்த ஹாரி பெக்கெட்டையும், தென்னாப்பிரிக்காவில் பிறந்த பாஸ் வித்வான் ஹாரி மில்லரையும் சேர்த்து 'பிரதர்ஹுட் ஆஃப் பிரெத்' என்ற பெருங்குழுவை அமைத்தார். மூச்சின் சகோதரத்துவம் என்று பொருள்படும் அந்தப் பெயரே அழகானது. ஊதுவாத்தியக்காரர் ஒவ்வொருவரும் தம் மூச்சைப் பொதுவில் வைக்கிறார்கள் அல்லவா! 1971-ல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டு புக்வானா இயற்றிய 'ம்ரா' என்ற உருப்படியோடு தொடங்குகிறது. குடியிருப்புகளில் மக்கள் ஆடும் நடன மெட்டு ஒன்று, வட்டமாகச் சுழன்று சுழன்று, நம் பல்லவியைப்போல் மீண்டும் மீண்டும் வருகிறது. அதன்மேல் ஒருவர் நெருப்பாக எரிகிறார். அவரைச் சுற்றி மற்றவர்கள் வெவ்வேறு மெட்டுகளை அடுக்குகிறார்கள். பிரளயம்போல் எல்லாம் கலங்கும்போது அந்த நடன மெட்டு அடியிலிருந்து மீண்டும் தலைதூக்குகிறது. ஊரை இழந்தவர்கள் ஊரைச் சுமந்து சென்ற விதம் இது. 1973-ல் மில்லரும் அவர் மனைவி ஹேஸலும் 'ஓகுன்' என்ற பெயரில் ஒரு பதிவு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் இந்த இசையைக் கைவிட்ட பிறகும் இது அழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அவர்களுடைய சிரத்தையினால்தான்.

இனி, அன்று நான் போட்டுக் காட்டிய இசைத்தட்டுக்கு வருகிறேன். 1975 டிசம்பர் 14-ல், லண்டனை அடுத்த ஒரு மனநோய் மருத்துவமனையில், மொங்கேஸி ஃபேஸா நிமோனியா கண்டு, உரிய சிகிச்சை கிடைக்காமல், முப்பது வயதில் இறந்துபோனார். அதே மாதம் 23-ஆம் தேதி, அவருக்கு அஞ்சலி செலுத்தி முடித்தபின், மெக்ரகர், புக்வானா, டியானி, மொஹோலோ ஆகிய நால்வரும் லண்டனில் ஓர் ஒத்திகை அறையில் கூடினார்கள். என்ன வாசிப்பது, எங்கே தொடங்குவது என்று யாதொன்றும் பேசிக்கொள்ளாமலே வாசிக்க ஆரம்பித்தார்கள். அன்று பதிவானதே 'ப்ளூ நோட்ஸ் ஃபார் மொங்கேஸி' என்ற அந்த இசைத்தட்டு.

அதில் வாத்தியங்களின் இடையிடையே குரல்கள் வருகின்றன. கோஸா மொழியில் அவர்கள் கூவுகிறார்கள், அழைக்கிறார்கள். நம் ஊர்களில் சாவு வீட்டில் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே யாரும் சுருதியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, ஆயினும் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி சரியாக எடுக்கிறாள். அதே அறிவு இங்கேயும் வேலை செய்கிறது. பாஸின் தந்திகள் அதிர்ந்துகொண்டிருக்க, சாக்ஸபோன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்காமல் விடுகிறது. பியானோ அதை முடிக்க முயன்று பின்வாங்குகிறது. திடீரென்று ஊர்ப் பாட்டு ஒன்றின் சாயல் எழுகிறது. நால்வரும் அதைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் ஏறத்தாழ மகிழ்ச்சியோடு ஆடுகிறார்கள். பிறகு அதுவும் கரைகிறது. பத்தாண்டுகளுக்கும் மேலாக டிரம்பெட் எங்கே நுழையும் என்று பழகிவிட்ட செவிகள் அவை. அந்த டிரம்பெட் நுழையவில்லை. நண்பர் 'இரைச்சலா' என்று கேட்டபோது ஒலித்துக்கொண்டிருந்தது, ரசிகப் பெருமக்களே, இந்த அழுகைதான்.

எஞ்சிய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்ல என் மனம் இடங்கொடுக்கிறது. 1977 செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிக்கோ காவலில் வைக்கப்பட்டு மாண்டார். மறு ஆண்டு டியானி, புக்வானாவையும் அமெரிக்கக் கலைஞர் டான் செரியையும் துணைக்கொண்டு 'ஸாங் ஃபார் பிக்கோ' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். 1983-ல் ஹாரி மில்லர் ஹாலந்தில் சாலை விபத்தில் இறந்தார். 1986-ல் டியானி மேற்கு பெர்லினில் இறந்தார், நாற்பதையொட்டிய வயதுதான், அவர் சடலம் ஊருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. 1987-ல் எஞ்சிய மூவரும் கூடி, ஃபேஸாவுக்குச் செய்ததுபோலவே, டியானியின் நினைவாகவும் ஒரு பதிவைச் செய்தார்கள். 1990 பிப்ரவரி 11-ல் மண்டேலா சிறையிலிருந்து வெளியே நடந்து வந்தார். அவ்வாண்டு மே மாதம் மெக்ரகர் பிரான்சில் காலமானார். அடுத்த மாதம் முப்பதாம் தேதி புக்வானா லண்டனில் காலமானார். கதவு திறக்கும் ஓசை மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. வாசலைக் கடந்து செல்ல அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

லூயி மொஹோலோ ஒருவரே எஞ்சினார். நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 2005-ல், தாம் பிறந்த லங்காவுக்கே திரும்பிக் குடியேறினார்; போன தோழர்களின் மெட்டுகளைப் புதிய தலைமுறை வாத்தியக்காரர்களோடு கடைசிவரை வாசித்தார்; 2025 ஜூன் மாதம், 85-ஆம் வயதில், அவரும் மறைந்தார். ப்ளூ நோட்ஸ் குழுவில் இனி உயிரோடிருப்பவர் யாரும் இல்லை. அவர்களுக்காகப் பேசும் பொறுப்பு ரசிகர்களாகிய நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று நான் நினைப்பதாலேயே இத்தனையும் எழுதினேன்.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிதல்ல. இந்தச் சங்கீதத்தை விரும்பியே ஆக வேண்டுமென்று யாரையும் நான் வற்புறுத்தவில்லை. ரசனை வற்புறுத்தலால் வருவதன்று. ஆனால், பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் இது சங்கீதமே அல்ல என்று தள்ளுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. மனிதர்களை வகைபிரித்து வைத்தவர்களும், இன்னாருடைய ஓசை ஓசையே அன்று என்று சொல்லித்தான் தங்கள் காரியத்தைத் தொடங்கினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அதுபோலவே, இவர்களைப் போற்ற விரும்புவோர், வரலாற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போற்றுவதும் நேர்மையாகாது. அந்த வாசிப்புக்காக ஒருவர் ஊர் ஏக்கம் தாளாமல் திரும்பிப்போய் மாண்டார், ஒருவர் அந்நிய மருத்துவமனையில் கவனிப்பாரின்றிப் போனார், இருவர் விடுதலையின் வாசற்படியில் வீழ்ந்தார்கள். விலை கொடுத்தவர்களின் கணக்கையும் சேர்த்துப் படிப்பதுதான் ரசிகதர்மம்.

அன்று என் இல்லத்துக்கு வந்திருந்த நண்பர்கள் இருவரையும் இம்மடலின் மூலம் மீண்டும் அழைக்கிறேன். வர விரும்பும் மற்றவர்களும் வாருங்கள். அந்த இசைத்தட்டின் முதற்பக்கத்தில், ஊசியை எடுத்த இடம் எனக்கு நினைவிருக்கிறது. அங்கிருந்து தொடங்குவோம். அதற்கப்பால் இன்னும் மூன்று பக்கங்கள் இருக்கின்றன.

இங்ஙனம்,
உங்கள் அன்பன்,
ரசிகர்களுள் ஒருவன்